நடுத்தர விலை கிராபிக்ஸ் கார்டு: வேகத்தையும் விலையையும் எடைபோடும் முறை

ஒரே கிராபிக்ஸ் கார்டு ஒருவர் வீட்டில் நொடிக்கு 90 ஃப்ரேம் (படம்) கொடுக்கும், பக்கத்து வீட்டில் 60-ஐத் தாண்டாது. அங்கே பிராசஸர் வேறு, மானிட்டர் வேறு, மதர்போர்டு வேறு. அதனால்தான் "இந்த பட்ஜெட்டுக்கு எது பெஸ்ட்?" என்ற கேள்விக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

புதிதாக வாங்குபவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், பிறகு கார்டின் பெயரை, கடைசியில்தான் மானிட்டரை. சரியான வரிசை இதற்கு நேர் எதிர். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் பார்க்க வேண்டிய கார்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மானிட்டரின் ரெசல்யூஷன் (பிக்சல் அளவு), ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது). பிராசஸர், மதர்போர்டு இரண்டின் முழு மாடல் பெயர். எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கவாட்டு ஸ்டிக்கரின் போட்டோ. கேபினட்டுக்குள் டேப் வைத்து எடுத்த நீளம், மில்லிமீட்டரில். கடைசியாக, நீங்கள் இப்போது விளையாடும் நான்கைந்து கேம்களின் பட்டியல். என்றாவது விளையாடலாம் என்று நினைக்கும் கேம் பட்டியலில் வேண்டாம்.

கார்டின் விவரம், வெப்பம், ஃப்ரேம் ஆகியவற்றை அளக்க, மென்பொருளில் ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ, ரிவாட்யூனரோடு வரும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், கேப்ஃப்ரேம்எக்ஸ் போதும். நான்கும் இலவசம்.

1. மானிட்டர் எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள்

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். 1080பி-யிலிருந்து 1440பி-க்குப் போனால் பிக்சல் 1.78 மடங்காகிறது. ஃப்ரேம் அதே அளவுக்குச் சரியாது; கனமான கேம்களில் 25 முதல் 35 சதவீதம் வரை குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 110 ஃப்ரேம் தரும் கார்டு வாங்கினால், கூடுதல் காசில் பெரும்பகுதி திரைக்கு வந்தே சேராது. அந்தப் பணத்தை மானிட்டரில் போடுவது மேல். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் கனமான கேமில் சராசரி 90 முதல் 100, போட்டி கேமில் 144-க்கு மேல் என்று இலக்கை எழுதி வையுங்கள். இலக்கு எழுத்தில் இல்லாவிட்டால் கடைக்குப் போனதும் அது 5,000 ரூபாய் ஏறிவிடும்.

இங்கேயே நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-லேயே விட்டிருப்பார்கள். "புது கார்டு போட்டும் வித்தியாசம் தெரியவில்லை" என்ற புகாரில் பாதி இதுதான்.

2. இப்போதைய பெட்டியில் தடை எது என்று கண்டுபிடியுங்கள்

பட்டியலில் உள்ள கேம் ஒன்றைத் திறந்து, ரெசல்யூஷனை 1280×720-க்கு இறக்குங்கள். டெக்ஸ்சர், ஷேடோ எல்லாம் லோ. ஆனால் கூட்டத்தின் அடர்த்தி, பார்வை தூரம், ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் செட்டிங்) மூன்றையும் நீங்கள் விளையாடப்போகும் அளவிலேயே விடுங்கள். அவை பிராசஸரையும் சேர்த்தே அழுத்துபவை. இப்படி வைத்து வரும் ஃப்ரேம்தான் உங்கள் பிராசஸரின் உச்சவரம்பு. அது 85 என்றால், அந்த கேமில் எந்த கார்டைப் போட்டாலும் 85-ஐ ஒட்டியே நிற்கும்.

பிறகு வழக்கமான செட்டிங்கில் விளையாடி ஆஃப்டர்பர்னரில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாட்டைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. 60, 70 என்று அலைந்தால் பிராசஸரோ ரேமோ தடை. இதில் டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சிபியு சதவீதத்தை நம்பாதீர்கள். ஆறு கோர் பிராசஸர் 40 சதவீதம் என்று காட்டும்போதே ஒரே ஒரு கோர் முழுதாகத் திணறிக்கொண்டிருக்கலாம். கேம் தடைபட அது போதும்.

ரேமையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அசெம்பிள் செய்த பல பெட்டிகளில் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக இருக்கும், அல்லது 3200 மெகாஹெர்ட்ஸ் ரேம் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) போடாமல் 2133-இல் ஓடும். இரண்டும் சராசரியைவிடக் குறைந்தபட்ச ஃப்ரேமைத்தான் அதிகம் அடிக்கும். இரண்டாவது ஸ்டிக் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சில சமயம் கார்டு வாங்கும் அவசரமே தணிந்துவிடும்.

3. பெயரை விட்டுவிட்டு ஐந்து எண்களைப் படியுங்கள்

பெயர் விற்பனைக்கு. கார்டைச் சொல்பவை வி-ரேம் (கார்டின் சொந்த மெமரி) அளவு, மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையேயான பாதை) அகலம், மெமரி வேகம், பிசிஐஇ லேன் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் தடங்கள்), வாட் ஆகிய ஐந்தும். சந்தையில் அடிக்கடி எதிர்ப்படும் சில கார்டுகள்:

ஆர்டிஎக்ஸ் 3060: 12 ஜிபி, 192 பிட், நொடிக்கு 360 ஜிபி, பிசிஐஇ 4.0 16 லேன், 170 வாட்.
ஆர்டிஎக்ஸ் 4060: 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி, 4.0 8 லேன், 115 வாட்.
ஆர்டிஎக்ஸ் 5060: 8 ஜிபி, 128 பிட், 448 ஜிபி, 5.0 8 லேன், 145 வாட்.
ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ: 8 அல்லது 16 ஜிபி, 128 பிட், 448 ஜிபி, 5.0 8 லேன், 180 வாட்.
ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி: 8 அல்லது 16 ஜிபி, 128 பிட், சுமார் 320 ஜிபி, 5.0 16 லேன், 150 முதல் 160 வாட்.
ஆர்க் பி580: 12 ஜிபி, 192 பிட், 456 ஜிபி, 4.0 8 லேன், 190 வாட்.

மெமரி வேகத்தை நீங்களே கணக்கிடலாம். பஸ் அகலத்தை 8-ஆல் வகுத்து, மெமரியின் ஜிகாபிட் வேகத்தால் பெருக்குங்கள். 5060-க்கு 128 ÷ 8 × 28 = 448. கடைக்காரர் காட்டும் கார்டில் இந்த எண் ஒத்துவராவிட்டால் அது வேறு வகை என்று அர்த்தம்.

ஆனால் இந்த எண்ணை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான் பயன்படுத்த வேண்டும். 360 உள்ள 3060-ஐ 272 உள்ள 4060 பெரும்பாலான கேம்களில் முந்துகிறது. 4060-இன் சிப்புக்குள் 24 எம்பி எல்2 கேஷ் இருக்கிறது, 3060-இல் 3 எம்பிதான். அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் மெமரியைத் தொடும் தேவை குறைகிறது.

வி-ரேம் விஷயம் வேறு மாதிரி. அது போதும் வரை எந்த வித்தியாசமும் தெரியாது; போதாமல் போன நொடியில் எல்லாம் தெரியும். நிரம்பி வழியும் தரவு பிசிஐஇ வழியாக மதர்போர்டு ரேமுக்குப் போகிறது. பிசிஐஇ 3.0-இல் 8 லேன் என்றால் அந்தப் பாதையின் வேகம் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. கார்டின் சொந்த மெமரி 448. ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத பாதை! சராசரி ஃப்ரேம் அப்படியே இருக்க, நடுநடுவே படம் உறைந்து நகரும். சுவரின் டெக்ஸ்சர் மங்கலாக வந்து இரண்டு நொடி கழித்துத் தெளியும். டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தில் 'ஷேர்டு' மெமரி ஏறிக்கொண்டே போனால் நோய் இதுவேதான்.

லேன் எண்ணிக்கை முக்கியமாவதும் இங்கேதான். பி450 போர்டு, இன்டெல் 10-ஆம் தலைமுறை இரண்டும் பிசிஐஇ 3.0. பி550 போர்டு வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 5500 போட்டிருந்தால் கார்டு ஸ்லாட் 3.0-இல்தான் ஓடும், ஏனென்றால் அந்தப் பாதை பிராசஸரிலிருந்து வருகிறது. இப்படிப்பட்ட பெட்டிக்கு 8 ஜிபி, 8 லேன் கார்டு மோசமான ஜோடி. 16 ஜிபி கார்டையோ 16 லேன் கார்டையோ தேடுங்கள்.

எங்கள் கணிப்பு: 1080பி-யில் போட்டி கேம்கள் மட்டும் ஆடுபவருக்கு 8 ஜிபி போதும். கதை கேம்களை ஹை டெக்ஸ்சரில் ஆட வேண்டும், கார்டு நாலு வருடம் ஓட வேண்டும் என்பவர் 12-க்குக் கீழே இறங்க வேண்டாம். 1440பி என்றால் 16.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டும் 8, 16 என இரு வடிவங்களில் வருகின்றன. நீங்கள் படித்த விமர்சனம் 16-ஐப் பற்றி, கையில் கொடுப்பது 8. 3060-இன் 8 ஜிபி வடிவத்தில் பஸ் அகலமே 128 பிட்டாகக் குறைந்து, வேகம் 240-க்கு இறங்கிவிட்டது. பழைய ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபி வடிவம் மெமரியில் மட்டும் சிறியதல்ல. 1280 கோருக்குப் பதில் 1152.

4. விமர்சனங்களிலிருந்து எண்களை எடுங்கள்

குறைந்தது மூன்று விமர்சனங்கள் வேண்டும். மூன்றிலும் உங்கள் ரெசல்யூஷன், உங்கள் பட்டியலில் உள்ள இரண்டு கேம்களாவது இருக்க வேண்டும். எண்களைக் குறிக்கும்போது மூன்று விஷயங்களைப் பிரித்து எழுதுங்கள்.

முதலாவது, நேட்டிவ் எண், அதாவது திரையின் முழு ரெசல்யூஷனிலேயே வரைந்து எடுத்தது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேல் முறைகள்) போட்டு எடுத்த எண்ணை இதோடு கலக்காதீர்கள். டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியில் 1440பி என்றால் உள்ளே வரையப்படுவது 1707×960; 1080பி என்றால் வெறும் 1280×720. ஒரு கார்டின் நேட்டிவ் எண்ணையும் இன்னொன்றின் அப்ஸ்கேல் எண்ணையும் அருகருகே வைத்தால் கணக்கு முழுதும் பொய்.

ஃப்ரேம் ஜெனரேஷன் (நிஜ ஃப்ரேம்களுக்கு இடையே செயற்கை ஃப்ரேம்களை நுழைப்பது) எண்ணை வேகக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 40 ஃப்ரேமை 75 ஆக்கிக் காட்டும், படம் வழவழப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை அசைத்தால் பதில் வருவது 40-இன் வேகத்தில்தான், சில சமயம் அதைவிடத் தாமதமாக. 2025 ஜனவரியில் சிஇஎஸ் தொழில்நுட்பக் கண்காட்சி மேடையில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-க்கு 4090-இன் வேகம் என்று என்விடியா அறிவித்தது, ஒரு நிஜ ஃப்ரேமுக்கு மூன்று ஃப்ரேம் வரை இட்டுநிரப்பும் இந்த வித்தையைச் சேர்த்துக்கொண்டுதான். அடிப்படை 60-ஐத் தொட்ட பிறகு அதைப் போட்டால் நன்றாக இருக்கும். 30-இல் போட்டால் சேற்றில் நடப்பது போல இருக்கும்.

இரண்டாவது, 1 சதவீத லோ. மிக மோசமான 1 சதவீத ஃப்ரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்று சொல்லும் எண் இது. சராசரி 80, லோ 62 என்ற கார்டு, சராசரி 88, லோ 38 என்ற கார்டைவிடக் கண்ணுக்கு இதம். 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி, திடீரென்று ஒன்று 50 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் அதைத்தான் 'ஜெர்க்' என்கிறோம். சராசரி அதை மறைத்துவிடும்.

மூன்றாவது, விமர்சகர் பயன்படுத்திய பிராசஸர். கார்டு விமர்சனங்களில் பொதுவாக மிக வேகமான பிராசஸரைப் போடுவார்கள், கார்டை மட்டும் அளக்க அதுதான் சரி. உங்கள் எண் இரண்டாம் படியில் கண்ட உச்சவரம்பைத் தாண்டாது. ஆர்க் பி580-க்கு இதில் கூடுதல் கவனம் தேவை. அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிகம் வேலை வாங்கும். ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசஸரோடு சேர்ந்தால் விமர்சன எண்ணை மறந்துவிடுங்கள்.

இனி சராசரி எடுப்பது. இங்கே பெரும்பாலோர் சறுக்குவார்கள். ஓர் உதாரணம், எண்கள் கணக்குக்காக வைத்தவை. 'அ' கார்டு மூன்று கேம்களில் 60, 50, 420. 'ஆ' கார்டு 75, 62, 380. கூட்டி மூன்றால் வகுத்தால் 'அ'வுக்கு 176.7, 'ஆ'வுக்கு 172.3. 'அ' ஜெயித்துவிட்டது! ஆனால் கனமான இரண்டு கேம்களிலும் 'ஆ' 24, 25 சதவீதம் முன்னே நிற்கிறது. பின்தங்குவது 400 ஃப்ரேம் ஓடும் ஒரு கேமில் மட்டும், அதுவும் 10 சதவீதத்துக்குள்.

அதனால் பெருக்கல் சராசரி எடுங்கள். மூன்று எண்களையும் பெருக்கி கன மூலம் கண்டால் 'அ' 108, 'ஆ' 120.9. அதாவது 'ஆ' 12 சதவீதம் வேகம். எக்செலில் ஜியோமீன் என்ற ஃபார்முலா இதை ஒரே வரியில் செய்துவிடும். 3 சதவீதத்துக்குள் வரும் வித்தியாசத்தைச் சமம் என்றே எழுதுங்கள். அதே கார்டை இரண்டு முறை ஓட்டினாலே அவ்வளவு மாறும்.

5. விலையை மூன்று விதமாக வகுத்துப் பாருங்கள்

முதலில் விலை நியாயமா என்று சோதியுங்கள். அறிமுக டாலர் விலையில் வரி சேர்ந்திருக்காது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 2025 ஜூனில் 349 டாலருக்கு வந்தது. டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 30,712. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 36,240. இதற்கு மேல் 5, 10 சதவீதம் கூட இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 25 சதவீதம் கூட என்றால் காத்திருங்கள், அல்லது அடுத்த கார்டைப் பாருங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால் "பில்லோட எவ்ளோ, பில் இல்லாம எவ்ளோ" என்று இரண்டு விலை காதில் விழலாம். எப்போதும் பில்லோடு உள்ள விலையை மட்டும் கணக்கில் எடுங்கள். மூன்று வருட வாரன்டியைக் கேட்டுப் போகும்போது பில் கேட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

இப்போது வகுத்தல். மறுபடி உதாரண எண்கள்: 'அ' 28,000 ரூபாய், 80 ஃப்ரேம். 'ஆ' 34,000 ரூபாய், 100 ஃப்ரேம்.

கார்டு விலை ÷ ஃப்ரேம்: 350-உம் 340-உம். கிட்டத்தட்டச் சமம். பலர் இதோடு நிறுத்திக்கொண்டு மலிவானதை எடுப்பார்கள்.

புது பெட்டி கட்டுகிறீர்கள் என்றால் மொத்த விலையை வகுக்க வேண்டும், ஏனென்றால் கார்டு மட்டும் தனியாக ஃப்ரேம் தராது. மற்ற பாகங்கள் 45,000 என்றால் 73,000 ÷ 80 = 912; 79,000 ÷ 100 = 790. இப்போது 'ஆ' தெளிவாக லாபம்.

பழைய கார்டை மாற்றுபவர்கள், கைவிட்டுப் போகும் பணத்தைக் கூடுதலாகக் கிடைக்கும் ஃப்ரேமால் வகுக்க வேண்டும். பழையது 55 ஃப்ரேம் தருகிறது, விற்றால் 9,000 வரும் என்று வையுங்கள். 'அ'வுக்கு 19,000 ÷ 25 = 760. 'ஆ'வுக்கு 25,000 ÷ 45 = 556. பாதி வழியில் நிற்கும் அப்கிரேடு எவ்வளவு விலை உயர்ந்தது என்று இந்த வகுத்தல் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லும். புது கார்டு பழையதைவிட 40 சதவீதமாவது வேகமாக இல்லையென்றால் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் அளவுகோல்.

மின்சாரத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 115 வாட் கார்டுக்கும் 190 வாட் கார்டுக்கும் 75 வாட் வித்தியாசம். தினம் 4 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 109.5 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 876 ரூபாய். கூடுதல் யூனிட்கள் உங்கள் இரண்டு மாத பில்லின் கடைசி ஸ்லாபில் போய் உட்காரும், ஆகவே சராசரி விலையைப் போடாமல் அந்த ஸ்லாபின் விலையைப் போடுங்கள்.

வீடியோ எடிட்டிங், பிளெண்டர் வேலை செய்பவர்களுக்கு ஃப்ரேம் கணக்கு பாதிதான் உதவும். உங்கள் மென்பொருள் குடாவை (என்விடியா கார்டுகளுக்கான கணக்கிடும் தளம்) எதிர்பார்த்தால் என்விடியா தவிர வழியில்லை. ஏவி1 வீடியோ வடிவத்தில் ரெக்கார்டு செய்ய வேண்டும் என்றால் 3060-ஆல் முடியாது, 4060-ஆல் முடியும்.

6. எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், கேபினட்

கார்டின் வாட், பிராசஸரின் உச்ச வாட், மற்றவற்றுக்கு 75: மூன்றையும் கூட்டி 0.65-ஆல் வகுங்கள். 180 வாட் கார்டு, உச்சத்தில் 76 வாட் இழுக்கும் ரைசன் 5 5600 என்றால் 331 ÷ 0.65 = 509. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். இந்த இடைவெளி எதற்கு என்றால், கார்டு சில மில்லிநொடிகளுக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும். கேபினட்டோடு இலவசமாக வந்த, '500 வாட்' என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையின் ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் நிஜ வாட்.

யூபிஎஸ்ஸை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் அதில்தான் செருகியிருக்கும். கரண்ட் போன நொடியில் கேம் ஓடிக்கொண்டிருந்தால் கீச்சென்று கத்திவிட்டு மொத்தமும் அணையும். பழியோ புது கார்டின் மேல் விழும்.

நீளத்தில் 20 மில்லிமீட்டர் மிச்சம் வையுங்கள், முன்பக்க ஃபேனின் தடிமனைக் கழித்த பிறகு. வெப்பத்துக்கு ஓர் எளிய கணக்கு: விமர்சனம் 22 டிகிரி அறையில் 70 டிகிரி என்று சொன்னால், மே மாதம் 36 டிகிரி அறையில் அது 84-ஐ ஒட்டி நிற்கும். ஏசி இல்லாத அறையென்றால் ஒற்றை ஃபேன் கார்டைத் தவிர்த்து, இரட்டை ஃபேன், தடிமனான ஹீட்சிங்க் உள்ளதை எடுங்கள். ஆர்ஜிபி விளக்குக்கும் மூன்றாவது ஃபேனுக்கும் 4,000 ரூபாய் கூடக் கொடுத்தால் 2 சதவீத வேகம்கூடக் கிடைப்பது அரிது.

7. செகண்ட் ஹேண்ட் என்றால்

விற்பவர் "நான் 32,000-க்கு வாங்கினேன், பாதி விலைக்குத் தருகிறேன்" என்பார். அவர் வாங்கிய விலைக்கு இன்று மதிப்பில்லை. அதே வேகம் தரும் புது கார்டு இன்று என்ன விலையோ, வாரன்டி முடிந்ததற்கு அதில் 55 சதவீதம், ஒரு வருடம் மிச்சமிருந்தால் 65 முதல் 70 சதவீதம். அதற்கு மேல் பேச வேண்டாம்.

நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். அரை மணி நேரம் கேளுங்கள். முதலில் ஜிபியு-இசட்: பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். காட்டாவிட்டாலும் ஷேடர் (கார்டின் கோர்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580-க்கு 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் அது 2048எஸ்பி என்ற குறைந்த வகை. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 3584. 3840-உம் 6 ஜிபியும் தெரிந்தால் லேப்டாப் சிப்பை டெஸ்க்டாப் போர்டில் பதித்த கார்டு.

அடுத்து 15 நிமிடம் கனமான கேமோ சூப்பர்பொசிஷன் என்ற பெஞ்ச்மார்க்கோ ஓடட்டும். எச்டபிள்யூஇன்ஃபோவில் ஜிபியு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) இடையே 15 டிகிரி சாதாரணம்; 30-ஐத் தொட்டால் சிப்பின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. ஃபேன் நின்று மறுபடி சுற்றத் தொடங்கும்போது காது கொடுங்கள், கரகரப்பு அங்கேதான் கேட்கும். எல்லா போர்ட்டிலும் ஒரு முறை கேபிளைச் செருகிப் பாருங்கள். வி-ரேம் பிழையை ஃபர்மார்க் என்ற சூடாக்கும் சோதனை காட்டாது. மெம்டெஸ்ட் வல்கன் என்ற சிறிய புரோகிராமைப் பத்து நிமிடம் ஓட்டினால் காட்டிவிடும்.

கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு என்றால் ஓட வேண்டியதில்லை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன; அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. தேய்வது ஃபேன், பேஸ்ட், மெமரி மேலுள்ள தெர்மல் பேட். இவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

8. வாங்கியதும் நீங்களே அளந்து பாருங்கள்

திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும் முதல் சில நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும்.

பழைய டிரைவரை சேஃப் மோடில் டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் இலவச மென்பொருள்) கொண்டு துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், குறிப்பாக ஒரு நிறுவன கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது. பயாஸில் 'அபவ் 4ஜி டிகோடிங்', 'ரீசைஸ் பார்' (பிராசஸர் வி-ரேம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுக விடும் வசதி) இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஆர்க் கார்டுக்கு இது கட்டாயம். இதற்கு பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறை பூட்) ஆஃப் ஆக வேண்டும். விண்டோஸ் எம்பிஆர் (பழைய வகைப் பிரிப்பு) டிஸ்கில் இருந்தால் அதன் பிறகு பூட் ஆகாது. பதற வேண்டாம், சிஎஸ்எம்மை மறுபடி ஆன் செய்தால் பழையபடி வரும். டிஸ்கை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றிய பிறகு திரும்ப முயலுங்கள்.

சைபர்பங்க் 2077 போல உள்ளேயே பெஞ்ச்மார்க் உள்ள கேமைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஒரே சேவ் ஃபைலில் ஒரே பாதையில் 60 நொடி நடங்கள். 15 நிமிடம் கார்டைச் சூடாக்கிய பிறகு நான்கு முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைத் தூக்கிப்போடுங்கள். அதில் ஷேடர் தயாராகும் தடங்கல்கள் கலந்திருக்கும். மிச்ச மூன்றின் சராசரியையும் 1 சதவீத லோவையும் கேப்ஃப்ரேம்எக்ஸ் கொடுத்துவிடும். விசிங்க் (ஃப்ரேமை மானிட்டர் ஹெர்ட்ஸோடு கட்டிப்போடும் செட்டிங்), ஃப்ரேம் லிமிட் இரண்டும் ஆஃபில் இருக்கட்டும்.

விமர்சன எண்ணைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், கார்டைக் குறை சொல்லும் முன் இந்த வரிசையில் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பது. கார்டு மேல் ஸ்லாட்டில் இருக்கிறதா? கீழ் ஸ்லாட் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பல போர்டுகளில் உள்ளே 4 லேன்தான். ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ன காட்டுகிறது? சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டுவது மின்சாரம் மிச்சப்படுத்தும் வழக்கம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டுப் பார்த்தால்தான் நிஜ எண் தெரியும். பிறகு ரேம், வெப்பம், கடைசியில் பிராசஸர்.

எல்லாம் சரியாக இருந்தும் சூடு மட்டும் கூட என்றால், ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 85-க்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் 3 முதல் 5 சதவீத வேகத்தைக் கொடுத்துவிட்டு நல்ல அமைதியை வாங்கிக்கொள்ளலாம்.

இந்த முதல் அளவீட்டை அறை வெப்பத்தோடும் தேதியோடும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். எட்டு மாதம் கழித்து அதே ஓட்டத்தில், அதே அறை வெப்பத்தில் ஜிபியு 10 டிகிரி ஏறியிருந்தால் ஹீட்சிங்க் இடுக்கில் தூசி. ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிளோயர் அடியுங்கள்.